இரண்டு வெற்றிகள் கேட்டவர்கள்: உலகப் போரில் கறுப்பின அமெரிக்கர்கள்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா எப்படிப் போரிட்டது என்பது நம்மில் பலருக்கு ஹாலிவுட் படங்கள் வழியாகத்தான் தெரியும். நார்மண்டிக் கடற்கரையில் இறங்கும் வீரர்கள், ஊரில் காத்திருக்கும் காதலி, வெற்றிச் செய்தி வந்ததும் நியூயார்க் தெருவில் ஆட்டம் பாட்டம். அந்தக் கூட்டத்தில் கறுப்பினத்தவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் போரில் சீருடை அணிந்த கறுப்பின அமெரிக்கர்கள் பத்து லட்சத்துக்கும் மேல்.

அவர்களிடம் அன்று கேட்கப்பட்ட ஒரு கேள்வி நமக்கு மிகவும் பழக்கமானது. "நாடே ஆபத்தில் இருக்கிறது, இந்த நேரத்தில் போய் உங்கள் பிரச்சினையைப் பேசுகிறீர்களே?" கல்லூரி விடுதியில் நடக்கும் பாகுபாட்டைப் பேசினாலும், தொழிற்சங்கத்துக்குள் சாதி இருக்கிறது என்று சொன்னாலும் நம்மிடமும் இதே கேள்விதான் வருகிறது. முதலில் பொதுப் பிரச்சினை முடியட்டும், உங்களுடையதைப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். அந்தப் "பிறகு" எப்போது வரும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

கறுப்பின மக்கள் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னார்கள்? அந்தப் பதிலால் என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை? தோழர்களே, இதைத் தெரிந்துகொள்வது நமக்கு வெறும் பொது அறிவு இல்லை.

போர் வந்தது, வேலையும் வந்தது

1941 டிசம்பர் 7 அன்று ஹவாயின் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியது. மறுநாளே அமெரிக்கா போரில் இறங்கியது. போர் முடிவதற்குள் சுமார் 1 கோடியே 60 லட்சம் அமெரிக்கர்கள் படைகளில் பணியாற்றினார்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

ஊரில் இருந்தவர்களின் வாழ்க்கையும் தலைகீழாக மாறியது. 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. கார் செய்த ஆலைகளில் டாங்கிகளும் குண்டுவீச்சு விமானங்களும் உருவாயின. சர்க்கரை, காபி, இறைச்சி, பெட்ரோல், டயர் எல்லாவற்றுக்கும் ரேஷன் வந்தது. வீட்டுக் கொல்லையில் காய்கறி பயிரிடுவது தேசப் பணி ஆனது. லட்சக்கணக்கான பெண்கள் முதன்முறையாக ஆலை வேலைக்குப் போனார்கள். 1940இல் நூறு பேரில் பதினான்கு பேருக்கு மேல் வேலையில்லாமல் இருந்த நாட்டில், 1944இல் அந்த எண்ணிக்கை நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே போனது.

அமெரிக்கர்கள் இன்றும் இதை "எல்லோரும் ஒன்றாகத் தோள் கொடுத்த காலம்" என்று நினைவுகூர்கிறார்கள். அந்த "எல்லோரிலும்" பத்தில் ஒருவர் கறுப்பினத்தவர். அவர்கள் நிலை என்ன?

தென் மாநிலங்களில் பள்ளி, பேருந்து, உணவகம், மருத்துவமனை, குடிநீர்க் குழாய் வரை வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று. "ஜிம் க்ரோ" என்று அழைக்கப்பட்ட இந்த ஏற்பாடு சட்டமாகவே இருந்தது. வாக்களிக்கப் போனால் வரி கட்டு என்பார்கள், எழுத்துத் தேர்வு எழுது என்பார்கள், அதற்கும் மசியாதவர்களை அடித்து விரட்டுவார்கள். வட மாநிலங்களில் சட்டம் இல்லை, வழக்கம் இருந்தது. போர்த்தளவாட ஆலைகள் ஆள் கிடைக்காமல் திண்டாடிய 1940-41இலும், கறுப்பினத்தவர் வேலை கேட்டுப் போனால் துடைப்பத்தைத்தான் நீட்டின. ஹிட்லரின் இனவெறியை எதிர்த்துப் போரிடப் போகிறோம் என்று அறிவித்த நாட்டின் உள்வீடு இப்படி இருந்தது.

சமையல்கட்டிலிருந்து துப்பாக்கிக்கு

பேர்ல் ஹார்பர் தாக்குதலின்போது "வெஸ்ட் வர்ஜீனியா" என்ற போர்க்கப்பலில் டோரி மில்லர் என்ற 22 வயது இளைஞர் இருந்தார். டெக்சாஸ் மாநிலத்தின் வேக்கோ நகரைச் சேர்ந்தவர். கடற்படையில் கறுப்பினத்தவருக்கு அன்று பெரும்பாலும் திறந்திருந்தது ஒரே ஒரு கதவு. உணவு பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது, அதிகாரிகளின் துணிகளைத் துவைப்புக்கு எடுத்துப் போவது. மில்லர் செய்ததும் அந்த வேலைதான்.

குண்டுகள் விழுந்ததும் அவர் காயம்பட்டவர்களைச் சுமந்து அப்புறப்படுத்தினார். கப்பல் தலைவரை நகர்த்தவும் கைகொடுத்தார். பிறகு ஆளில்லாமல் நின்ற விமான எதிர்ப்பு இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்துச் சுட்டார். அந்தத் துப்பாக்கியைக் கையாள அவருக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்பதே விதி.

செய்தி வெளியே வந்தபோது அவர் பெயர் வரவில்லை. "பெயர் தெரியாத ஒரு கறுப்பின உணவுப் பணியாளர்" என்றுதான் வந்தது. பெயரைச் சொல்லுங்கள் என்று கறுப்பின இதழ்களும் உரிமை அமைப்புகளும் விடாமல் கேட்டன. அந்த அழுத்தத்துக்குப் பிறகே அவர் பெயர் வெளியானது. 1942 மே மாதம் அட்மிரல் நிமிட்ஸ் அவர் நெஞ்சில் "நேவி கிராஸ்" பதக்கத்தைக் குத்தினார்.

பதக்கம் கிடைத்தது. வேலை? மீண்டும் சமையல் பிரிவுதான். 1943 நவம்பரில் அவர் இருந்த "லிஸ்கம் பே" கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. சமையல்காரராகவே டோரி மில்லர் இறந்தார். வீரத்தைப் பாராட்டிவிட்டு, அந்த வீரனைப் பழைய இடத்திலேயே உட்கார வைக்கும் வித்தை நமக்குப் புதிதல்ல.

ரத்தத்துக்கும் தீட்டு

போர் என்றால் ரத்தம் தேவை. ரத்தத்தின் பிளாஸ்மாவைப் பிரித்துப் பெருமளவில் சேமித்து அனுப்பும் முறையை வளர்த்தவர்களில் முதன்மையானவர் டாக்டர் சார்லஸ் ட்ரூ. 1940இல் பிரிட்டனுக்கு ரத்தம் அனுப்பும் திட்டத்தின் மருத்துவப் பணிகளை வழிநடத்தியவர். அவர் கறுப்பினத்தவர்.

1941 இறுதியில் செஞ்சிலுவைச் சங்கம் படையினருக்காக ரத்தம் சேகரித்தபோது, கறுப்பினத்தவரின் ரத்தம் வேண்டாம் என்றது. எதிர்ப்பு எழுந்ததும் 1942 ஜனவரியில் ஒரு "சலுகை" வந்தது. ரத்தம் கொடுக்கலாம், ஆனால் அதைத் தனியாக வைப்போம், வெள்ளை வீரருக்கு ஏற்ற மாட்டோம். மனித ரத்தத்தில் இனம் இல்லை என்று மருத்துவம் அறிந்திருந்த காலம் அது. அறிவியல் தெரியாததால் வந்த வழக்கமல்ல இது. தீட்டுக்கு அறிவியல் தேவைப்படுவதில்லை, அதிகாரம் இருந்தால் போதும். இந்த ஏற்பாடு முடிவுக்கு வர 1950 ஆனது. போர் முடிந்தே ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன.

ராண்டால்ஃப் போட்ட கணக்கு

இனி நாம் கவனிக்க வேண்டிய மனிதர் ஏ. பிலிப் ராண்டால்ஃப். ரயில்களின் படுக்கை வசதிப் பெட்டிகளில் வேலை செய்த கறுப்பினச் சிப்பந்திகளுக்காக 1925இல் உருவான சங்கத்தின் தலைவர். புல்மேன் நிறுவனத்தோடு பன்னிரண்டு ஆண்டுகள் மோதி 1937இல் ஒப்பந்தம் பெற்ற சங்கம் அது. பொறுமையும் பேரமும் ராண்டால்ஃபுக்கு அங்கே படித்த பாடம்.

ஆலைகளில் வேலை கொடு, படையில் பாகுபாட்டை ஒழி என்று கறுப்பினத் தலைவர்கள் 1940இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டைச் சந்தித்தார்கள். இனிமையான பேச்சோடு அனுப்பி வைக்கப்பட்டார்கள். மனு கொடுத்துப் பயனில்லை என்று ராண்டால்ஃப் முடிவு செய்தார். 1941 ஜனவரியில் ஓர் அறைகூவல் விடுத்தார். பத்தாயிரம் கறுப்பின மக்கள் தலைநகர் வாஷிங்டனில் பேரணி நடத்த வேண்டும். சில மாதங்களில் அந்த எண்ணிக்கை ஒரு லட்சமாக உயர்ந்தது. நாள் குறித்தாயிற்று: ஜூலை 1.

அமெரிக்கா இன்னும் போரில் இறங்காத நேரம். ஆனாலும் சர்வாதிகாரத்துக்கு எதிரான சனநாயகத்தின் ஆயுதக் கிடங்கு என்று அது உலகத்தின் முன் தன்னைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த நாட்டின் தலைநகரில் ஒரு லட்சம் பேர் வந்து நின்று "எங்களுக்கு இங்கே சனநாயகம் இல்லை" என்று சொன்னால் எப்படி இருக்கும்? ரூஸ்வெல்ட் அஞ்சியது அதற்குத்தான். ஜூன் 18 அன்று வெள்ளை மாளிகைக்கு ராண்டால்ஃபும் கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் வால்டர் வைட்டும் அழைக்கப்பட்டார்கள். உண்மையில் எத்தனை பேர் வருவார்கள் என்று ரூஸ்வெல்ட் கேட்டார். ஒரு லட்சம் என்று பதில் வந்தது.

ஒரு வாரத்தில், ஜூன் 25 அன்று, நிர்வாக ஆணை 8802 கையெழுத்தானது. போர்த்தளவாட ஆலைகளிலும் மத்திய அரசுப் பணியிலும் இனம், மதம், நிறம், பிறந்த நாடு பார்த்து வேலை மறுக்கக் கூடாது. புகார்களை விசாரிக்க ஒரு குழுவும் அமைக்கப்பட்டது. பேரணி கைவிடப்பட்டது.

இங்கே நாம் கண்ணை மூடிக்கொண்டு கைதட்டிவிடக் கூடாது. ஆணையில் படையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. விசாரணைக் குழுவுக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. பேரணியை ஏன் கைவிட்டீர்கள் என்று ராண்டால்ஃபின் இளைஞர் பிரிவினரே கோபப்பட்டார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. போர் முடிந்ததும் 1946இல் நிதி கொடுக்காமல் அந்தக் குழுவைக் காங்கிரஸ் அவை மூச்சடைக்க வைத்தது. ஆனாலும், போர்த்தளவாட ஆலைகளில் 1942 தொடக்கத்தில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் இருந்த கறுப்பினத் தொழிலாளர்கள், போரின் இறுதிக் கட்டத்தில் எட்டுப் பேர் அளவுக்கு வந்தார்கள். வெள்ளையர் வீடுகளில் சமைத்தும் துவைத்தும் வாழ்ந்த கறுப்பினப் பெண்கள் பலர் முதன்முறையாக ஆலைச் சம்பளம் வாங்கினார்கள். ஆலைகளுக்கு ஆள் தேவை என்ற நெருக்கடியும், பேரணி என்ற மிரட்டலும் சேர்ந்துதான் இது நடந்தது. வெறும் நல்லெண்ணம் இதைச் செய்யவில்லை.

இரட்டை வெற்றி

பேர்ல் ஹார்பருக்குப் பின் சில வாரங்களில், கன்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில் ஒரு விமான ஆலையின் உணவகத்தில் வேலை பார்த்த ஜேம்ஸ் தாம்சன் என்ற 26 வயது இளைஞர் "பிட்ஸ்பர்க் கூரியர்" என்ற கறுப்பின இதழுக்குக் கடிதம் எழுதினார். 1942 ஜனவரி 31 இதழில் அது வெளியானது. பாதி அமெரிக்கனாக வாழ்வதற்காக நான் உயிரைக் கொடுக்க வேண்டுமா என்பது அவர் கேள்வி. நேச நாடுகள் வெற்றிக்கு அடையாளமாக "வி" என்ற ஆங்கில எழுத்தைக் காட்டுகின்றன. நாம் இரண்டு "வி" காட்டுவோம், ஒன்று வெளியே இருக்கும் எதிரியை வெல்ல, மற்றொன்று உள்ளே இருக்கும் எதிரியை வெல்ல என்பது அவர் யோசனை.

அடுத்த வாரமே இதழ் அதற்கு ஒரு சின்னம் வரைந்து வெளியிட்டது. சட்டைப் பொத்தான்களிலும் சுவரொட்டிகளிலும் இரட்டை வி பரவியது. கறுப்பின மக்கள் போரை எதிர்க்கவில்லை. ஹிட்லர் தோற்க வேண்டும் என்று மற்றவர்களைவிட அதிகமாகவே விரும்பினார்கள். "போர் முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள்" என்ற நிபந்தனையைத்தான் அவர்கள் ஏற்கவில்லை. நாட்டைக் காப்பதும் உரிமை கேட்பதும் ஒரே வேலையின் இரு பக்கங்கள் என்றார்கள். மேலே நாம் எழுப்பிய கேள்விக்கு அவர்களுடைய பதில் இதுதான். கடிதம் எழுதிய தாம்சனே பிறகு படையில் சேர்ந்தார்.

படைக்குள் ஊரும் சேரியும்

ராணுவத்தில் கறுப்பினத்தவருக்குத் தனிப் படைப்பிரிவு, தனிக் குடியிருப்பு, தனி உணவுக்கூடம். மேலே பெரும்பாலும் வெள்ளை அதிகாரிகள். பெரும்பாலோருக்குக் கொடுக்கப்பட்டது மூட்டை தூக்குவது, சாலை போடுவது, லாரி ஓட்டுவது, பிணம் புதைப்பது. வெட்டியான் வேலை யாருக்கு என்பதில் உலகமெங்கும் ஒரே ஒழுங்குதான் போலும்.

அந்த வேலைகள் இல்லாமல் போர் நடந்திருக்காது. 1944 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை பிரான்சில் முன்னேறிய படைகளுக்கு எரிபொருளும் குண்டும் உணவும் கொண்டுபோன "ரெட் பால் எக்ஸ்பிரஸ்" லாரித் தொடரின் ஓட்டுநர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர். உச்ச நாட்களில் ஒரு நாளில் 12,000 டன்னுக்கும் மேல் சரக்கு போனது. தளபதி பேட்டனின் டாங்கிகள் ஓடியது அவர்கள் கொண்டுபோன பெட்ரோலில்.

சண்டை போட வாய்ப்புக் கிடைத்தவர்களும் உண்டு. 761ஆவது டாங்கிப் பிரிவு 1944 நவம்பரில் களத்தில் இறங்கி 183 நாட்கள் போரிட்டது. டஸ்கிகியில் பயிற்சி பெற்ற கறுப்பின விமானிகள் ஐரோப்பிய வானில் பறந்தார்கள். அவர்களை வழிநடத்திய பெஞ்சமின் டேவிஸ், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்த நான்கு ஆண்டுகளும் சக மாணவர்கள் அவரோடு பணி தவிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அறையைப் பகிரவில்லை, சாப்பாட்டு மேசையில் முகம் கொடுக்கவில்லை. உயர் கல்வி நிறுவனங்களில் படிக்கும் நம் தோழர்களுக்கு இந்த மௌனத்தை விளக்க வேண்டியதில்லை. டேவிஸ் 1936இல் பட்டம் பெற்று வெளியே வந்தார்.

பெண்களும் சென்றார்கள். மேஜர் சாரிட்டி ஆடம்ஸ் தலைமையில் 6888ஆவது அஞ்சல் பிரிவின் 855 பெண்கள் 1945 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்மிங்காம் போய்ச் சேர்ந்தார்கள். வீரர்களுக்கு வந்த கடிதங்களும் பொட்டலங்களும் கிடங்குகளில் மலையாகக் குவிந்து கிடந்தன. ஆறு மாதத்தில் முடியுங்கள் என்றார்கள். மூன்றே மாதத்தில் முடித்தார்கள்.

இத்தனைக்கும் நடுவே, உள்நாட்டில் நடந்த ஒரு சம்பவம். ரூபர்ட் டிரிம்மிங்காம் என்ற கறுப்பின ராணுவ வீரர் "யாங்க்" என்ற ராணுவ வார இதழுக்கு 1944 ஏப்ரலில் எழுதியது. அவரும் எட்டு வீரர்களும் தெற்கில் ரயில் மாற வேண்டியிருந்தது. காபி கிடைத்த ஒரே இடம் ரயில் நிலைய உணவகம். பின்பக்கம் சமையலறைக்குப் போய் நின்று வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அப்போது ஏறத்தாழ இருபத்து நான்கு ஜெர்மன் போர்க் கைதிகள் இரண்டு அமெரிக்கக் காவலர்களோடு உள்ளே வந்தார்கள். மேசையில் உட்கார்ந்தார்கள். உணவு பரிமாறப்பட்டது. பேசினார்கள், புகைத்தார்கள், சிரித்தார்கள். நாட்டின் சீருடை போட்டவன் வெளியே. நாட்டின் எதிரி உள்ளே. நம் டீக்கடைகளின் இரட்டைக் குவளையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புரியும். அந்தக் கடிதம் பெரும் சலசலப்பை உண்டாக்கியது. டிரிம்மிங்காமுக்கு வந்த 287 கடிதங்களில் 183 வெள்ளை வீரர்கள் ஆதரித்து எழுதியவை. மனசாட்சி உள்ளவர்கள் எங்கும் இருக்கிறார்கள். அவர்களைத் தட்டி எழுப்ப யாராவது முதலில் எழுத வேண்டியிருக்கிறது.

போர்ட் சிகாகோவின் ஐம்பது பேர்

கலிபோர்னியாவின் போர்ட் சிகாகோ கடற்படைத் தளத்தில் கப்பல்களில் வெடிகுண்டு ஏற்றும் வேலை. ஏற்றுபவர்கள் அனைவரும் கறுப்பினத்தவர், மேற்பார்ப்பவர்கள் வெள்ளை அதிகாரிகள். வெடிபொருளைக் கையாள முறையான பயிற்சி இல்லை. எந்தக் குழு வேகமாக ஏற்றும் என்று அதிகாரிகள் பந்தயம் கட்டினார்கள். 1944 ஜூலை 17 இரவு எல்லாம் ஒரே நொடியில் வெடித்தது. 320 பேர் மாண்டார்கள். அவர்களில் 202 பேர் கறுப்பின மாலுமிகள். பல உடல்கள் அடையாளம் காணும் நிலையில்கூட இல்லை.

உயிர் தப்பிய வெள்ளை அதிகாரிகளுக்கு விடுப்பு கிடைத்தது. தோழர்களின் சிதறிய உடல்களைப் பொறுக்கிய கறுப்பின மாலுமிகளுக்குக் கிடைக்கவில்லை. மூன்று வாரத்தில் மீண்டும் குண்டு ஏற்று என்று உத்தரவு வந்தது. 258 பேர் மறுத்தார்கள். போர்க்காலக் கலகத்துக்கு மரண தண்டனை என்று மிரட்டியதும் பெரும்பாலோர் பணிந்தார்கள். அப்படிப் பணிந்தவர்களும் தண்டிக்கப்பட்டார்கள். ஐம்பது பேர் மீது கலகக் குற்றம் சாட்டப்பட்டு, எட்டு முதல் பதினைந்து ஆண்டுகள் சிறை விதிக்கப்பட்டது.

அந்த விசாரணையில் வந்து உட்கார்ந்து கவனித்தவர் தர்குட் மார்ஷல் என்ற இளம் வழக்கறிஞர். பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவர். ஏன் கறுப்பினத்தவர் மட்டும் குண்டு ஏற்றுகிறார்கள், ஏன் பயிற்சி இல்லை என்று அவர் நாடு முழுக்கக் கேட்க வைத்தார். 1946 ஜனவரியில் பெரும்பாலோர் விடுதலை ஆனார்கள். அடுத்த மாதமே கடற்படை தன் பிரிவுகளில் இன ஒதுக்கலை நீக்கி ஆணையிட்டது. ஆனால் அந்த மாலுமிகள் மீதிருந்த குற்றக்கறையை அமெரிக்கக் கடற்படை துடைத்தது 2024 ஜூலை 17 அன்று. சரியாக எண்பது ஆண்டுகள் கழித்து.

ஆலையிலும் முள்வேலியிலும்

ஆலைகளும் அமைதியாக இல்லை. 1943 ஜூனில் டெட்ராய்ட்டின் பேக்கார்ட் ஆலையில் மூன்று கறுப்பினத் தொழிலாளர்களுக்குப் பதவி உயர்வு கிடைத்தது என்பதற்காக 25,000 வெள்ளைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். நாஜிகளை வீழ்த்த எஞ்சின் செய்த ஆலை அது. அதே மாதம் அந்த நகரில் வெடித்த கலவரத்தில் 34 பேர் இறந்தார்கள். 25 பேர் கறுப்பினத்தவர், அவர்களில் 17 பேர் காவல்துறையால் கொல்லப்பட்டவர்கள். 1944 ஆகஸ்டில் பிலடெல்பியாவில் எட்டுக் கறுப்பினத்தவருக்கு டிராம் ஓட்டப் பயிற்சி கொடுத்ததை எதிர்த்து நகரப் போக்குவரத்தே நின்றது. ரூஸ்வெல்ட் ராணுவத்தை அனுப்பி வண்டிகளை ஓட வைத்தார். அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு அந்த ஒரு வாரம் சாட்சி.

ஜப்பானிய வம்சாவளி மக்களின் நிலை இன்னும் கொடுமை. 1942 பிப்ரவரி 19 அன்று ரூஸ்வெல்ட் போட்ட நிர்வாக ஆணை 9066இன்படி சுமார் 1,20,000 பேர் வீடு, கடை, நிலத்தை விட்டு முகாம்களுக்குத் துரத்தப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். பெற்றோர் முள்வேலிக்குள் இருக்க, பிள்ளைகள் 442ஆவது படைப்பிரிவில் சேர்ந்து ஐரோப்பாவில் செத்தார்கள். அரசு மன்னிப்புக் கேட்டு இழப்பீடு வழங்க 1988 ஆனது. வேலை மறுக்கக் கூடாது என்று ஆணை போட்டதும், முகாமில் அடைக்க ஆணை போட்டதும் ஒரே கை. ஆட்சியாளரின் நல்ல மனத்தை நம்பி உரிமையை ஒப்படைக்கக் கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

வீடு திரும்பியவர்கள்

போர் முடிந்தது. திரும்பி வந்த வீரர்களுக்குக் கல்லூரிப் படிப்பு, வீட்டுக் கடன், தொழில் கடன் கொடுக்க 1944இலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தது. லட்சக்கணக்கான வெள்ளைக் குடும்பங்களை நடுத்தர வர்க்கமாக்கியது இந்தச் சட்டம்தான். அதில் நிறம் பற்றி ஒரு வரியும் கிடையாது. ஆனால் செயல்படுத்தும் பொறுப்பு உள்ளூர் அலுவலகங்களிடமும் வங்கிகளிடமும் இருந்தது. மிசிசிப்பியின் 13 நகரங்களில் 1947இல் எடுத்த கணக்கில், அரசு உத்தரவாதம் பெற்ற 3,229 கடன்களில் கறுப்பினத்தவருக்குப் போனவை இரண்டே இரண்டு. சட்டப் புத்தகத்தில் சமத்துவம் இருக்கும், கையெழுத்துப் போடும் மேசையில் சாதி உட்கார்ந்திருக்கும். நமக்கு நன்றாகத் தெரிந்த கதை.

1946 பிப்ரவரி 12. ஐசக் வுட்டார்ட் என்ற வீரர் அன்றுதான் படையிலிருந்து விடுவிக்கப்பட்டு, சீருடையோடு பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் கழிப்பறை போக வேண்டும் என்று கேட்டதில் ஓட்டுநரோடு வாய்த் தகராறு. தென் கரோலினாவின் ஒரு சிறு நகரில் இறக்கிவிடப்பட்ட அவரைக் காவல்துறைத் தலைவர் தடியால் அடித்து இரு கண்களையும் குருடாக்கினார். வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு அரை மணி நேரம்கூட எடுக்காமல் அந்த அதிகாரியை விடுவித்தது.

ஆனால் போருக்கு முன்பிருந்த கறுப்பினச் சமூகமாக அது இப்போது இல்லை. 1940இல் சுமார் 50,000 உறுப்பினர்களோடு இருந்த தேசியச் சங்கத்தில் 1946இல் நான்கரை லட்சம் பேர் இருந்தார்கள். வுட்டார்ட்டுக்கு நேர்ந்ததை அவர்கள் நாடெங்கும் கொண்டுபோனார்கள். புதிய குடியரசுத் தலைவர் ட்ரூமன் குடியுரிமைகள் குறித்த குழுவை அமைத்தார். 1948இல் ராண்டால்ஃப் மறுபடி வந்தார். படையில் ஒதுக்கல் நீடித்தால், கட்டாயப் படைச் சேர்ப்புக்கு வர மறுக்கும்படி இளைஞர்களிடம் சொல்வேன் என்று செனட் குழுவின் முன்னாலேயே அறிவித்தார். அது தேர்தல் ஆண்டு. ஜூலை 26 அன்று படையில் சம நடத்தைக்கான நிர்வாக ஆணை 9981 கையெழுத்தானது. 1941இல் விட்டுப்போன கோரிக்கை ஏழாண்டுகள் கழித்து நிறைவேறியது.

வுட்டார்ட் வழக்கை விசாரித்த வெள்ளை நீதிபதி வேரிங், அந்த அநீதியைக் கண்டபின் மாறிப்போனார். 1951இல் ஒரு பள்ளி வழக்கில், ஒதுக்கி வைப்பதே சமத்துவமின்மை என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 1954இல் உச்ச நீதிமன்றம் அதே முடிவுக்கு வந்தது. நார்மண்டியில் பணியாற்றித் திரும்பிய மெட்கர் எவர்ஸ் 1946இல் மிசிசிப்பியில் வாக்களிக்கப் போனபோது ஆயுதம் ஏந்திய வெள்ளையர்கள் விரட்டினார்கள். அவர் பின்வாங்கவில்லை, உரிமை இயக்கத்தின் முழுநேர ஊழியரானார். 1963 ஜூனில் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று, 22 ஆண்டுகளுக்கு முன் நடக்காத அந்தப் பேரணி வாஷிங்டனில் நடந்தது. தலைமை வகித்தவர் 74 வயது ராண்டால்ஃப்.

அண்ணல் எழுதிய கடிதம்

இந்த வரலாற்றில் நமக்கு நேரடித் தொடர்பும் உண்டு. 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர் அண்ணல் அம்பேத்கர். போர்க்காலத்தில் அவரும் இதே முடிச்சை அவிழ்க்க வேண்டியிருந்தது. மகர்களைப் படையில் சேர்ப்பதைப் பிரிட்டிஷ் அரசு 1890களில் நிறுத்தியிருந்தது. அதை மாற்றக் கோரி அவர் வலியுறுத்திவந்தார். 1941இல் மகர் படைப்பிரிவு உருவானது. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோதும், பொது நெருக்கடி முடியட்டும் என்று தீண்டப்படாதோர் கோரிக்கையை அவர் மூட்டை கட்டி வைக்கவில்லை.

1946இல் அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு மனு அளித்திருப்பதை அறிந்து, கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்கு அண்ணல் கடிதம் எழுதினார். தீண்டப்படாதோரும் அந்த வழியில் செல்ல எண்ணுவதாகச் சொல்லி மனுவின் படிகளைக் கேட்டார். உங்கள் பெயரை அறிவேன், இந்தியத் தீண்டப்படாதோர்மீது எனக்கு முழுப் பரிவு உண்டு என்று டு பாய்ஸ் பதில் எழுதினார். ஆறுதல் தேடி எழுதப்பட்ட கடிதமல்ல அது. எந்த ஆவணம், எந்த மன்றம், எந்த வழி என்று கேட்டு எழுதப்பட்ட கடிதம். மற்றவர் போராட்டத்தை நாம் படிக்க வேண்டிய முறையும் அதுதான்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

அந்தப் போரில் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் நானூறுக்கும் மேற்பட்டோருக்கு வழங்கப்பட்டது. அன்று ஒரு கறுப்பினத்தவருக்குக்கூட வழங்கப்படவில்லை. 1997இல் ஏழு பேருக்கு வழங்கினார்கள். வாங்கிக்கொள்ள உயிரோடிருந்தவர் ஒருவர் மட்டுமே.

தியாகத்துக்குத் தானாகக் கூலி வருவதில்லை. வந்தாலும் அரை நூற்றாண்டு கழித்து வரும். 1941இன் ஆணையும் 1948இன் ஆணையும் அப்படி வந்தவையல்ல. அரசுக்கு நம் உழைப்பும் உடலும் தேவைப்பட்ட நேரத்தில், திரண்ட அமைப்பும் குறித்த நாளும் தெளிவான கோரிக்கையும் கையில் இருந்ததால் வந்தவை. ராண்டால்ஃப் ஒரு லட்சம் என்று சொன்னபோது அரசு நம்பியதற்குக் காரணம், அவருக்குப் பின்னால் பதினாறு ஆண்டுகள் கட்டிய சங்கம் இருந்தது.

ஆகவே தோழர்களே, "இது நேரமல்ல" என்று யாராவது சொன்னால் கோபப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். நம் மாணவர் மன்றத்தில் எத்தனை பேர், நம் கோரிக்கை எத்தனை வரி, நாம் குறித்திருக்கும் நாள் எது என்று அன்று மாலையே உட்கார்ந்து கணக்குப் பாருங்கள்.